சிரிப்பும் சிறுவரும்

திரைப்படம் பார்க்கலாமா, கூடாதா என்று நம் பெரியவர்கள் வாதிட்ட காலம் ஒன்றிருந்தது. அந்த வாதம் முடிவதற்கு முன்பே திரைப்படம் வீட்டுக்குள் வந்துவிட்டது. முதலில் தொலைக்காட்சிப் பெட்டியில் வந்தது. இப்போது உள்ளங்கையளவுக் கண்ணாடியில் வந்து பிள்ளையின் போர்வைக்குள்ளேயே புகுந்துகொண்டது. ஆகவே, எதைப் பார்க்கலாம் என்ற கேள்வி ஒன்றே இன்று நம் கையில் மிஞ்சியிருக்கிறது. அக்கேள்வியையும் நாம் அடிதடிப் படங்களைப் பற்றியும் காதல் படங்களைப் பற்றியும் கேட்கிறோமேயன்றி, குடும்பத்தோடு பார்க்கத்தக்கது என்று முத்திரையிட்டு வரும் மாயாஜால நகைச்சுவைப் படங்களைப் பற்றிக் கேட்பதில்லை. பூதம் வருகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அதில் ஆராய என்ன இருக்கிறது என்று இருந்துவிடுகிறோம். நாமும் அப்படித்தான் இருந்தோம், சென்ற ஆண்டுக் கோடை விடுமுறை வரையில்.

ஓய்வு பெற்றபின் மகனுடைய வீட்டில் வந்து தங்கியிருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைப் பகுதியில், சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஒரு தெரு. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலங்கள் இவை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது; 2010இல் ஒரகடத்தில் இன்னொரு பெரிய கார் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்கூடங்களும், கைப்பேசி செய்யும் தொழிற்கூடங்களும் சூழ்ந்தபின், இங்கே பகல் இரவு என்ற பேதமே மறைந்து, முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், மூன்றாம் ஷிப்ட் என்பதே பொழுதின் பெயராயிற்று. கம்பெனிப் பேருந்து வரும் நேரத்தை வைத்துத்தான் அடுப்பு எரிகிறது.

இத்தகைய ஊரில் பிள்ளைகளின் விடுமுறை எப்படிக் கழிகிறது என்பதைப் பார்த்தவர்களே அறிவர். இரவு முழுதும் எந்திரத்தின் முன் நின்றுவிட்டு வந்த தந்தை, பகலில் சன்னலுக்குப் போர்வை கட்டி உறங்குகிறார். ஒற்றை அறை வீடு. பிள்ளை ஓடக்கூடாது, கத்தக்கூடாது, பந்து உருட்டக்கூடாது. அப்போது அவன் கையில் கைப்பேசி கொடுக்கப்படுகிறது. அது பொழுதுபோக்குக்காகக் கொடுக்கப்படுவதன்று. தூங்குபவரை எழுப்பாதிருப்பதற்காகப் பிள்ளைக்குக் கொடுக்கும் கையூட்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் அன்றிரவு எந்திரத்தின் முன் அவருடைய விரல்களுக்கு ஆபத்து. நல்ல படம் எது, கெட்ட படம் எது என்று அறிவுரை கூறுவோர் இந்த அறையையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கூறுவது நல்லது.

எட்டு வயதான நம் பேரன் ஒரு படம் கேட்டான். படத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதைப் போன்றவை ஆண்டுக்கு ஒன்றிரண்டு வருகின்றன. சிறுவன் ஒருவனுக்கு மாயப்பொருள் ஒன்று கிடைக்கிறது. அதன் பின் அவன் நினைத்ததெல்லாம் நடக்கிறது. மருமகளுக்கு அது பிடிக்கவில்லை. "சூனியம், பேய், ஜின் என்று சிரித்துக்கொண்டு பார்ப்பது நம் பிள்ளைகளுக்கு ஏற்குமா மாமா?" என்று கேட்டார். நாம் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்தோம். ஆபாசம் உண்டா, இரத்தம் உண்டா, குடி உண்டா, புகை உண்டா என்று விசாரித்தோம். ஒன்றுமில்லை. 'யு' சான்றிதழ் பெற்ற படம். அனுமதி வழங்கினோம். கூடவே அமர்ந்து பார்ப்பதாகவும் வாக்களித்துவிட்டு, பாதியில் கண்ணயர்ந்தோம்.

மருமகளின் அச்சத்தை நாம் அன்று அலட்சியமாக ஒதுக்கிவிடவில்லை. ஜின் என்பது நமக்குக் கட்டுக்கதையன்று. திருக்குர்ஆனின் 72ஆவது அத்தியாயம் அப்பெயரையே தாங்கியிருக்கிறது. சூனியமோ பெரும்பாவங்களில் ஒன்று. எனினும், கற்பனையை நம் முன்னோர் அஞ்சி ஒளித்தவர்கள் அல்லர். இல்லாத நகரங்களையும் பேசும் பறவைகளையும் சொல்லும் கிஸ்ஸாக்களைக் கேட்டுத்தான் நம் பாட்டிமார் வளர்ந்தார்கள். நூறு மசலாவின் விடுகதைகளைக் கேட்டுக் கண் விரித்த குழந்தைகள்தாம் பின்னர் மார்க்க அறிஞர்களாகவும் ஆனார்கள்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு நிகழ்ச்சி உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணியாலான இரு சிறகுகளுடன் ஒரு குதிரை இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, குதிரைக்குச் சிறகா என்று வியந்து வினவினார்கள். சுலைமான் நபியிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். அபூதாவூதில் இடம்பெற்ற செய்தி இது. உலகில் இல்லாத ஒரு பொருள், அதற்கு ஒரு சாமர்த்தியமான விளக்கம், அதன்மீது ஒரு வாய்விட்ட சிரிப்பு. நாம் இன்று மாயாஜால நகைச்சுவை என்று சொல்வதன் மூன்று உறுப்புகளும் அந்த வீட்டுக்குள் இருந்தன.

குழந்தையும் நாம் நினைப்பதுபோல் ஏமாளியன்று. 1967இல் 'பட்டணத்தில் பூதம்' வெளிவந்தபோது, ஜாவர் சீதாராமன் பூதமாக வந்து ஜீபூம்பா என்றதை நாங்கள் தெருத்தெருவாக முழங்கித் திரிந்தோம். வீட்டிலிருந்த ஊறுகாய்ச் சாடிகளையெல்லாம் திறந்து பார்த்தோம். பூதம் வரவில்லை, அதற்காக எவனும் அழவுமில்லை, எவனுடைய ஈமானும் குறையவுமில்லை. மாயம் பொய் என்பது குழந்தைக்குத் தெரியும். தெரிந்தே அதற்குள் போகிறது, தெரிந்தே வெளியே வருகிறது. மிகச் சிறிய வயதில் அச்சம் தங்கிவிடும் என்பது உண்மை. நான்கு வயதுப் பிள்ளை இரவில் விழித்து அழும். அதைத் தாய் அறிவாள், தவிர்க்கவும் தவிர்ப்பாள்.

இவ்வளவும் எண்ணித்தான் அனுமதி வழங்கினோம். எண்ணியது தவறில்லை. எண்ண வேண்டிய இடத்தை விட்டுவிட்டோம் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது.

அடுத்த பகுதியில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியிருக்கிறது. தந்தைக்குக் கார் இருக்கை தைக்கும் கம்பெனியில் வேலை. அவருடைய மகன் இங்குள்ள அரசுப் பள்ளியில், நம் பேரன் வகுப்பிலேயே, தமிழில் படிக்கிறான். மாலைதோறும் வந்து கேரம் ஆடுவான். மூன்று நாளாக அவன் வரவில்லை. நான்காம் நாள் வாசலில் பேரனின் குரல் கேட்டது. "நம்பள் வர்றான், நிம்பள் போறான்" என்று இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தான். உடன் நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வீட்டுக் கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

எங்கே கற்றாய் என்று கேட்டோம். அந்தப் படத்தில் என்றான். அன்று நாம் உறங்கிப்போன பாதியை மறுநாள் முழுதும் விழித்திருந்து பார்த்தோம். அதில் வடநாட்டிலிருந்து வந்த ஒருவர் வருகிறார். அவர் செய்த குற்றம் எதுவும் கதையில் இல்லை. தமிழைத் திருத்தமாகப் பேச வரவில்லை என்பதைத் தவிர. அவர் வாய் திறக்கும்போதெல்லாம் மாயப்பொருள் அவரைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறது, சேற்றில் தள்ளுகிறது, வேட்டியை உருவுகிறது. அரங்கம் சிரிப்பதற்காகவே அவர் வந்து வந்து போகிறார்.

"நம்பள், நிம்பள்" என்ற இரண்டு சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. நம் பள்ளி நாள்களில் அவை நம்மை நோக்கிச் சொல்லப்பட்டவை. பழைய தமிழ்ப் படங்களில் வேடிக்கைக்காக வந்த பாய் இவ்வாறுதான் பேசுவார். நம் வீட்டில் அத்தாவும் பேசியது தமிழ், நன்னாவும் பேசியது தமிழ். தாலாட்டும் தமிழ், வசவும் தமிழ். ஆயினும் வகுப்பில் நம்மைக் கண்டதும் ஒருவன் நம்பள்கி என்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். சினிமாவில் பார்த்ததைச் சொன்னார்கள். நாமும் உடன் சேர்ந்து சிரித்தோம். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாகச் சொல்வார்கள் என்பதற்காக. அப்படிச் சிரித்தவனுடைய பேரன், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அதே இரண்டு சொற்களை எடுத்து இன்னொரு பிள்ளையின் மீது எறிந்திருக்கிறான். எறியக் கற்றுக்கொடுத்த படத்துக்கு அனுமதிச் சீட்டு வழங்கியவர்கள் நாம்.

மாயாஜாலப் படத்தில் பிள்ளை இரண்டு பொருள்களைப் பெறுகிறது: ஒன்று வியப்பு, மற்றொன்று சிரிப்பு. வியப்பின்மீது 'இது மெய்யன்று' என்ற எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. குழந்தைக்கும் அதைப் படிக்கத் தெரியும். சிரிப்பின்மீது அத்தகைய எச்சரிக்கை எதுவும் இல்லை. மந்திரத்தால் மனிதன் ஆடாக மாறியது பொய் என்று அறிந்த பிள்ளை, அம்மனிதன் சிரிக்கத்தக்கவன் என்பதை மட்டும் மெய்யென்று வைத்துக்கொள்கிறது. பருத்த உடல், கறுத்த நிறம், திக்கும் நாக்கு, பிறமொழி கலந்த பேச்சு ஆகியவை நகைப்புக்குரியவை என்ற செய்தி எந்தத் தடையுமின்றி உள்ளே போய் அமர்ந்துவிடுகிறது. பெற்றோராகிய நாம் வாசலில் நின்று பூதத்தைச் சோதனையிட்டுக்கொண்டிருக்கும்போது, சிரிப்பு சோதனையின்றி நுழைகிறது.

சாதாரண நகைச்சுவையைவிட மாயாஜால நகைச்சுவையில் இதன் வலு அதிகம் என்றும் நமக்குத் தோன்றுகிறது. ஒருவன் இன்னொருவனைக் கேலி செய்தால், கேலிக்குள்ளானவன் பதில் சொல்லக்கூடும். அடித்தால் திருப்பி அடிக்கக்கூடும். மாயத்துக்கு எதிராக எவன் என்ன செய்ய இயலும்? மாயம் என்பது திருப்பி அடிக்க முடியாத அடி. அதைக் கையில் வைத்திருக்கும் சிறுவனோடு ஒன்றிப்போய்ப் பார்க்கிற பிள்ளை, திருப்பி அடிக்க முடியாதவனை அடிப்பதன் இன்பத்தை ஒன்றரை மணி நேரம் பழகுகிறது. ஆகவே, இதில் மாயம் உண்டா என்று கேட்பதைவிட, அந்த மாயம் யார்மீது பாய்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

சிரிப்பதற்கென்று எடுத்த படத்தில் போய் இப்படி நீதி ஆராய்வதா என்று சிலர் கேட்கலாம். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை இகழ்ந்து நகைக்க வேண்டாம், நகைக்கப்படுவோர் நகைப்போரைவிடச் சிறந்தோராக இருக்கலாம் என்ற இறைவாக்கு (49:11) யுத்த களத்துக்கென்றோ அரசவைக்கென்றோ அருளப்பட்டதன்று. அது வாசல் திண்ணைக்கும் உரியது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் நாவின் கேடுகளை எண்ணிச் செல்லும்போது, பரிகாசத்துக்குச் சொல் கூடத் தேவையில்லை, ஒருவருடைய பேச்சையோ நடையையோ போலச் செய்து காட்டுவதும் பரிகாசமே என்கிறார்கள். நம் பேரன் வாசலில் செய்தது அதுதான். அந்த இமாமே அந்நூலில், பள்ளி விட்டு வந்த பிள்ளையை விளையாட விட வேண்டும், ஓயாது பாடத்தில் அடைத்தால் அவன் உள்ளம் செத்துவிடும் என்றும் எழுதியிருக்கிறார்கள். சிரிப்பை வெறுத்த மனிதர் அல்லர் அவர். வாகனம் கேட்டு வந்த ஒருவரிடம் ஒட்டகக் குட்டியைத் தருகிறேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூற, குட்டியின்மேல் எப்படி ஏறுவது என்று அவர் திகைக்க, எந்த ஒட்டகந்தான் ஒட்டகத்தின் குட்டியில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட செய்தியை நாம் அறிவோம். கேட்டவரும் சிரித்திருப்பார். அவர் எதையும் இழக்கவில்லை.

தணிக்கைக் குழுவினர் இதையெல்லாம் பார்க்க வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. பார்க்க வேண்டும்தான். 1991ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில், உடல் ஊனமுற்றோரையும் மனவளம் குன்றியோரையும் ஏளனம் செய்யும் காட்சிகளும், இனத்தையோ மதத்தையோ பிற பிரிவினரையோ இழிவுபடுத்தும் சொற்களும் கூடாதென்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் நகைச்சுவை என்ற பெயரில் வந்தால் எந்தக் கண்ணும் அயர்ந்துவிடுகிறது. நம் கண்ணும் அயர்ந்ததே! தமிழ்நாட்டில் 2011 முதல் கேளிக்கை வரிவிலக்குப் பெறுவதற்கு 'யு' சான்றிதழ் ஒரு நிபந்தனையாக இருந்தது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்து அம்முறை போயிற்று. அந்த ஆண்டுகளில் 'யு' என்ற எழுத்துக்குப் பிள்ளைகளின் நலத்தோடு இருந்த உறவைவிடத் தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகத்தோடு இருந்த உறவு நெருக்கமானது.

1983இல் 'யு/ஏ' என்ற பிரிவு வந்தபோது, 12 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டும் என்றார்கள். 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதனை 7, 13, 16 என்று மூன்று வயதுகளாகப் பிரித்தது. கூடவே, அந்த வயதுக் குறி பெற்றோரும் காப்பாளரும் எண்ணிப் பார்ப்பதற்கே, வேறு எவரும் அதை வலிந்து செயற்படுத்த இயலாது என்றும் கூறிற்று. அதாவது, சுற்றி வந்து தீர்ப்பு எழுதும் கோல் நம் கையிலேயே திரும்பக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் ஷிப்ட் முடித்து வந்து உறங்குபவர் கையில்.

பேரனை அழைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மன்னிப்புக் கேட்டான் என்று சொல்வதைவிட, மன்னிப்பு என்ற சொல்லை முணுமுணுத்தான் என்று சொல்வதே உண்மை. அந்தத் தந்தை எழுந்து நமக்கு நாற்காலி போட்டார். "சின்னப் பையன்தானே, விடுங்க சாச்சா. கம்பெனியிலேயும் இப்படித்தான் பேசுவாங்க. பழகிடுச்சு" என்றார். அந்தக் கடைசிச் சொல் நம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. அவருக்குப் பழகிவிட்டது. உள் அறையில் இருந்த மகனுக்கு இன்னும் பழகவில்லை. அவன் வெளியே வரவே இல்லை.

அதன்பின் நல்ல படம் ஒன்றைத் தேடினோம். கிடைத்தது 'மை டியர் குட்டிச்சாத்தான்'. 1984இல் நவோதயா அப்பச்சன் தயாரித்து, அவர் மகன் ஜிஜோ இயக்கிய மலையாளப் படம். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். தமிழிலும் குரல் மாற்றி வந்தது. இங்குள்ள தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறையில் போய்வரும் தாம்பரத்துக்கு அருகிலுள்ள கிஷ்கிந்தா பூங்காவை 1995இல் அமைத்தவரும் அதே அப்பச்சன்தான். படம் வந்த காலம் நமக்கு நினைவிருக்கிறது. கொட்டகையில் கொடுக்கும் கண்ணாடியால் 'மெட்ராஸ் ஐ' பரவும் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் கண்ணாடியைச் சுத்தம் செய்கிறோம் என்று படத்தின் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. பிள்ளையின் கண்ணில் என்ன ஒட்டும் என்று அன்றைய பெற்றோர் அவ்வளவு கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையில் பாதியை அடுத்த காரியத்துக்கும் செலவிட்டிருக்கலாம்.

பெயரிலேயே சாத்தான் இருக்கிறது, மந்திரவாதி இருக்கிறான், பில்லி சூனியம் இருக்கிறது. பட்டியல் போட்டுப் பார்ப்பவர் முதல் வரியிலேயே தள்ளிவிடுவார். ஆனால் அந்தக் குட்டிச்சாத்தான் ஓர் அடிமை. மந்திரவாதி அதைக் கட்டி வைத்து ஏவல் வாங்குகிறான். மூன்று குழந்தைகள் அதை விடுவிக்கிறார்கள், தோழனாக்கிக்கொள்கிறார்கள். அதன் மாயம் பாய்வது கட்டி வைத்தவன்மீது. குடியில் விழுந்து கிடக்கும் ஒரு தந்தையை மீட்பதற்காக. வலியவன் சறுக்கி விழுவதைக் கண்டுதான் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து ஆடிப் பாடும் ஒரு காட்சி உண்டு. அங்கே எவரையும் கண்டு சிரிக்க வேண்டியதே இல்லை, நடப்பதே போதும்.

படம் குற்றமற்றது என்று நாம் சாதிக்கவில்லை. குட்டிச்சாத்தானே மது குடிக்கும்; குடிப்பதை வேடிக்கையாகவே காட்டுகிறார்கள். நாம் முதலில் வைத்திருந்த பட்டியலின்படி, குடி இல்லாத அந்தப் பெயர் சொல்லாத படம் தேறியது. இந்தப் படம் தோற்றது. தீர்ப்பை மாற்றி எழுதினோம். மருமகள் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. அவர் ஒப்பாதிருப்பதிலும் நியாயம் இருக்கிறது. குடியால் அழிந்த குடும்பங்கள் இந்தத் தெருவிலேயே உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனுக்கு ஷிப்ட் இல்லாத நாள், வாசலில் பாய் விரித்துச் சுவர் ஓரமாகத் தொலைக்காட்சியை இழுத்து வைத்துப் பார்த்தோம். அடுத்த வீட்டுச் சிறுவனை அவன் தாயே கை பிடித்துக் கொண்டுவந்து விட்டார். அவன் பாயில் அமரவில்லை. படியில், சற்றுத் தள்ளி அமர்ந்தான். வசனம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பிள்ளைகள் சுவரில் ஏறி நடந்தபோது, எல்லோருக்கும் முன்னதாக அவன்தான் சத்தமாகச் சிரித்தான். நம் பேரன் திரும்பி அவனைப் பார்த்தான், பிறகு தானும் சிரித்தான்.

படம் முடிந்தபின் பேரன் கேட்டான்: "குட்டிச்சாத்தான் சின்னப் பிள்ளைதானே நன்னா, அது ஏன் குடிக்குது?" நாம் சொன்ன விடை அவனுக்குப் போதவில்லை. படியில் இருந்தவன் தன் தமிழில் ஏதோ ஒரு காரணம் சொன்னான். இருவரும் அதைப் பற்றி நெடுநேரம் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.